நண்பர் வீட்டுக்குப் போன இடத்தில் தனியார் பார்க்கிங் ரசீது: ராமநாதபுரம் கரையோரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி. இந்த ஊர்களில் நண்பரையோ சொந்தக்காரரையோ பார்க்கக் காரில் போகிறவர்களுக்கு நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. தெருக்கள் குறுகல், பழைய வீடுகளில் வண்டி ஏற்றும் வசதி இல்லை. காலி மனை, லாட்ஜ் வாசல், கடற்கரை மணல் என்று கிடைத்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம். திரும்பி வரும்போது வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருக்கும், அல்லது ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் நிற்பார், சில நேரம் சக்கரத்தில் சங்கிலியே போட்டிருக்கும்.

கேட்டவுடன் கொடுத்துவிடுவதும் தவறு, கொடுக்கவே மாட்டேன் என்று மல்லுக்கு நிற்பதும் தவறு. அந்தச் சீட்டைக் கொடுத்தது யார், வண்டி நின்ற நிலம் யாருடையது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் போதும், மற்ற எல்லாம் அதிலிருந்து தீர்மானமாகும். அடிப்படை ஒன்றுதான்: சாலை விதியை மீறியதற்கு அபராதம் போடும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு. தனியார் கேட்கக்கூடியது இடத்தைப் பயன்படுத்தியதற்கான கட்டணம், அல்லது உங்கள் வண்டியால் அவருக்கு நஷ்டம் வந்திருந்தால் அதற்கான ஈடு. 'அபராதம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டால் அது அபராதம் ஆகிவிடாது.

வண்டியை எடுப்பதற்கு முன்

முதலில் படம் எடுங்கள். போனில் இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருக்கட்டும். சீட்டு கண்ணாடியில் இருக்கும் நிலையிலேயே ஒரு படம், பிறகு சீட்டின் முன்பக்கம், பின்பக்கம். வண்டியின் நான்கு புறமும், எண் பலகை தெரியும்படி. நண்பர் வீட்டு வாசலும் வண்டியும் ஒரே சட்டத்தில் வந்தால் மிகவும் நல்லது.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். நீங்கள் வண்டியோடு உள்ளே வந்த அதே வழியில் திரும்ப நடந்து போய், ஓட்டுநர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை நிறுத்தாமல் ஒரு வீடியோவாக எடுங்கள். அறிவிப்புப் பலகை இருந்தால் அதில் உள்ள எழுத்து வாசிக்கத் தெரியும் தூரத்தில் எடுங்கள். பலகை இல்லையென்றால் வெறும் சுவரும் வாசலும் பதிவாகட்டும். நேற்று இல்லாத பலகை நாளைக்கு வந்துவிடலாம். இருட்டில் விளக்கில்லாமல் இருக்கும் பலகை, முருங்கை மரக் கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பலகை, எல்லாம் பதிவாக வேண்டும்.

இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நேரம், இடம் பற்றிய உள் விவரங்கள் போய்விடும். மூலப் படத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டு, நண்பருக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். எதிர் வீட்டிலோ கடையிலோ கேமரா இருந்தால் நண்பரை அன்றைக்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள். பழைய பதிவுக்கு மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வேலை செய்பவர். அவரிடம் சத்தம் போட்டு எதுவும் நடக்காது. "அண்ணே, குத்தகை யார் பேர்ல இருக்கு? ரேட் போர்டு எங்க இருக்கு?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் தயங்காமல் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

சீட்டை வாசிப்பது எப்படி

தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, ரயில்வே, திருக்கோயில் பெயர் இருந்தால், அதற்குக் கீழே குத்தகைதாரர் பெயர், குத்தகைக் காலம், வண்டி வகைக்கான கட்டணம், வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். ஆண்டுக் குத்தகை பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்கள் காலத்தைக் கவனமாகப் பாருங்கள். முடிந்துபோன ஆண்டின் ரசீதுப் புத்தகத்தில் வசூல் நடந்தால், அந்தப் பணம் உள்ளாட்சிக் கணக்குக்குப் போகிறதா என்பதே சந்தேகம்.

அச்சிட்ட தொகையை அடித்துப் பேனாவால் கூட்டி எழுதியிருந்தால் அச்சிட்டதை மட்டும் கொடுங்கள். ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். எண் இல்லை என்பதாலேயே ரசீது போலி ஆகிவிடாது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் சேவை வருமானம் உள்ள சிறு குத்தகைதாரருக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

நிலம் யாருடையது

இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வழக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

பொதுச் சாலை: லாட்ஜுக்கோ கடைக்கோ முன்னால் இருப்பதால் சாலை அவருடையது ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 117-ஆவது பிரிவின்படி, வண்டி நிறுத்துமிடத்தை நிர்ணயிப்பது மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான், அதுவும் உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. கயிறு கட்டி, கல் போட்டு, பூந்தொட்டி வைத்துச் சாலையில் இடம் பிடித்தவருக்குக் கட்டணம் கேட்க உரிமை இல்லை. ஆனால் அவர் வாசலை மறித்து நிறுத்தியிருந்தால் தவறு உங்களுடையது. அவர் போலீஸைக் கூப்பிடலாம், கூப்பிடுவது நியாயமும்கூட.

உள்ளாட்சி ஏலம் விட்ட இடம்: ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் ஆகியவை நகராட்சிகள். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். இங்கே முறையாக ஏலம் எடுத்தவர் கேட்கும் கட்டணம் செல்லும். நண்பர் வீட்டுக்கு வந்தேன், கோயிலுக்கு வரவில்லை என்ற வாதம் எடுபடாது. அந்த இடத்தில் நிறுத்தினால் கட்டணம் உண்டு. நிறுத்தாமல் கடந்து மட்டும் போனால் பார்க்கிங் கட்டணம் இல்லை. ஊருக்குள் நுழையும் வண்டிக்கு நுழைவுக் கட்டணம் தனியாக வசூலித்தால் அதற்குத் தனி ரசீது கேளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ரயில் நிலையம்: ராமநாதபுரமும் ராமேஸ்வரமும் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வருகின்றன. நிலைய வளாகத்தில் பார்க்கிங் கட்டணத்துக்கு நேர அடுக்கு உண்டு, மணிக்கணக்கு கூடினால் தொகை கூடும். பலகையில் இருப்பதற்கு மேல் கேட்டால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள், அல்லது ரயில்வேயின் புகார்ச் செயலியான ரயில் மதத்தில் ரசீதுப் படத்தோடு புகார் பதியுங்கள்.

கடற்கரை: கரையோர மணல்வெளி பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. மீனவக் கிராமங்களில் ஊர்ச் சங்கம் ஒரு சீட்டு போட்டு வெளியூர் வண்டிகளிடம் பணம் கேட்பதுண்டு. சட்டப்படி அது நன்கொடை, கட்டாயமில்லை. ஆனால் படகு ஏற்றும் வழியிலும் வலை காயப்போடும் இடத்திலும் மீன் இறங்குதளத்திலும் வண்டியை விட்டுவிட்டு இந்தச் சட்டத்தைப் பேசாதீர்கள். விடியற்காலையில் ஐஸ் லாரியும் மீன் வண்டியும் வர வழியில்லாமல் போனால் அன்றைய மீன்பாடு கெடும். கார் டயர் ஏறிய வலையைப் பிரித்துத் தைக்க ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார வேண்டும். அப்படி நடந்திருந்தால் அவர்கள் கேட்பது உண்மையான நஷ்டஈடு. கொடுப்பதே சரி.

தனியார் மனை, அடுக்ககம், லாட்ஜ் வளாகம்: உரிமையாளர் கட்டணம் கேட்கலாம், ஆனால் நிறுத்துவதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகை, நுழைவுச் சீட்டு, காவலாளி சொன்ன வார்த்தை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஒப்பந்தம் என்றே பேச முடியும்.

'இது என் பட்டா இடம்' என்று ஒருவர் சொன்னால் சரிபார்க்க வழி இருக்கிறது. நண்பர் உள்ளூர்க்காரர் என்பதால் புல எண்ணை (சர்வே நம்பர்) கண்டுபிடிப்பது அவருக்கு எளிது. தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நிலப் பதிவுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் பட்டா விவரம் கட்டணமில்லாமல் வரும். அதே தளத்தில் 'அ' பதிவேட்டை, அதாவது கிராமத்தின் நில வகைப் பதிவேட்டைப் பார்த்தால் புறம்போக்கா என்று தெரியும். நகராட்சிப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள், கிராமப் புல எண் அங்கே பொருந்தாது. பட்டா அவர் பெயரில் இருந்தால் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தில் பூட்டுப் போட்டிருந்தால்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு சக்கரப் பூட்டைப் பற்றிப் பேசுகிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டி, அல்லது தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டி: இவற்றைப் பூட்டவோ இழுத்துச் செல்லவோ அந்தப் பகுதிக்கு உரிய, சீருடையில் உள்ள காவல் அதிகாரி அனுமதிக்கலாம். இழுவைச் செலவு வண்டி உரிமையாளர் தலையில். இரவு நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள் இந்த 10 மணி நேரக் கணக்கை மறக்கக் கூடாது. மாலை 7 மணிக்குத் தெருவில் விட்ட வண்டி விடிந்து 5 மணிக்கெல்லாம் அந்தக் கணக்கைத் தொட்டுவிடுகிறது.

தனியார் ஒருவர் தன் இடத்திலேயே பூட்டுப் போட்டுப் பணம் கேட்க இந்தப் பிரிவு இடம் கொடுக்கவில்லை. அதற்காக நீங்கள் பூட்டை உடைக்காதீர்கள். சுத்தியலை எடுத்த நிமிடமே நீங்கள் புகார்தாரர் என்ற நிலை போய், சொத்தைச் சேதப்படுத்தியவர் ஆகிவிடுவீர்கள். சங்கிலியோடு வண்டியை நகர்த்திப் பார்ப்பதும் வேண்டாம். பிரேக் குழாயும் சக்கர விளிம்பும் போகும்.

செய்ய வேண்டியது: பூட்டைப் படம் எடுத்துவிட்டு 112-க்கோ 100-க்கோ அழையுங்கள். "வண்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள், எடுக்க விடவில்லை" என்று நடப்பதை மட்டும் சொல்லுங்கள். கரையோரத்தில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையங்கள் உண்டு. பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போக வேண்டாம், உள்ளூர்ச் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போங்கள். நீங்கள் போக உரிமை உள்ள பக்கம் உங்களைப் போகவிடாமல் மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 126-ஆவது பிரிவில் குற்றம். ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்டிப் பணம் பறிப்பது 308-ஆவது பிரிவில் வரும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான காவல் நிலைய ரசீது) வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது, குழந்தை அழுகிறது, வேறு வழியில்லை என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐ வழியாகக் கொடுங்கள். குறிப்பில் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதுங்கள். ரசீதின் அடிக்கட்டையில் கையெழுத்துக் கேட்டால் அங்கேயும் அதே சொல். இப்படிக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பேசாமல் கொடுத்ததைக் கேட்பது கடினம்.

தனியாருக்குப் பதில் எழுதுவது

பூட்டு இல்லை, சீட்டு மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் முதலில் நண்பர் பேசட்டும். அடுக்ககம் என்றால் சங்கச் செயலாளரிடம், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம். "நம்ம வீட்டுக்கு வந்தவங்கதான், தெரியாம விட்டுட்டாங்க" என்ற ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டியதைக் கடிதம் வரை இழுக்க வேண்டாம். சங்க விதி உறுப்பினரான நண்பரைக் கட்டுப்படுத்தும், விருந்தாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதனாலேயே தொகையை நண்பரின் பராமரிப்புக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நண்பருக்கு அந்தச் சுமை வராமல் பார்ப்பது உங்கள் கடமை.

பேசியும் தீரவில்லையென்றால் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். சட்டம் இத்தனை நாள் என்று சொல்லவில்லை. தாமதித்தால் ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள் என்பதற்காக இந்தக் கணக்கு. வடிவம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, மேற்படி தேதியில், மேற்படி எண்ணுள்ள என் வாகனத்தில் தங்கள் பெயரில் ரூபாய் ____ கேட்டு ஒரு சீட்டு வைக்கப்பட்டிருந்தது. அன்று நான் கதவு எண் ____ இல் வசிக்கும் நண்பரைச் சந்திக்க வந்திருந்தேன். அந்த இடத்தில் கட்டணமோ தடையோ குறித்து அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை, படங்கள் இணைத்துள்ளேன். எனவே அத்தொகைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிலத்தின் மீது தங்களுக்குள்ள உரிமை, கட்டணம் நிர்ணயித்த ஆவணம், என் வாகனத்தால் ஏற்பட்ட நஷ்டத்தின் விவரம் ஆகியவற்றை 15 நாட்களுக்குள் தெரிவிக்கக் கோருகிறேன்."

இதில் மன்னிப்பு, கோபம், மிரட்டல் எதையும் சேர்க்காதீர்கள். பலகை இருந்தது உண்மையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, தொகை அதிகம் என்பதை மட்டும் எழுதுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இதற்குத் துணை நிற்கும்: மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், நீதிமன்றம் அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு மட்டுமே கொடுக்கும். அரை மணி நேரம் காலி மனையில் நின்ற காருக்கு 1,000 ரூபாய் என்பதை நியாயப்படுத்துவது எளிதல்ல.

ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் பணத்துக்கு உரிமையியல் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, அதுவரை சீட்டையும் படங்களையும் வைத்திருங்கள். 'ஆர்.சி.யை முடக்கிவிடுவோம், எஃப்.சி. எடுக்க முடியாது' என்று போனில் சொன்னால் பயப்பட வேண்டாம். தனியார் ரசீது வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் ஏறாது.

உள்ளாட்சிக் குத்தகைதாரர் கூடுதலாக வாங்கினால்

நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். மனுவில் ரசீது எண், தேதி, நேரம், பலகையில் உள்ள தொகை, வாங்கிய தொகை என்ற ஐந்தும் இருந்தால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. முதல்வரின் உதவி எண் 1100-இல் பதிந்தால் மனு எண் கிடைக்கும். நண்பருக்குத் திங்கட்கிழமை ராமநாதபுரம் போக முடிந்தால் ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் கொடுக்கலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும் ஆட்சியரிடமே இருக்கிறது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல கருவி. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் வசூலிக்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: ஏலம் விட்ட இடத்தின் புல எண்ணும் எல்லையும், கட்டணம் நிர்ணயித்த மன்றத் தீர்மானத்தின் நகல், குத்தகை உத்தரவு நகல், விலைப் பலகை வைக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ள பக்கம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எல்லைக்கு வெளியே வசூல் நடப்பது பெரும்பாலும் இந்தப் புல எண்ணில்தான் வெளிப்படும்.

நுகர்வோர் ஆணையம் வரை போகலாமா

50 ரூபாய்க்குப் போக வேண்டாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூட்டுப் போட்டுப் பெருந்தொகை வாங்கியிருந்தாலோ, கட்டண நிறுத்தத்தில் வண்டி சேதமாகியிருந்தாலோ போகலாம். பணம் கொடுத்துச் சேவை பெற்றவர்தான் நுகர்வோர், ஆகவே ரசீது இல்லாமல் வழக்கு நிற்காது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மதுரைக்காரர் ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

'வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ரசீதில் இருந்தாலும் மனம் தளராதீர்கள். ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் திருடுபோன வழக்கில், அந்த வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சாவி உங்கள் பையிலேயே இருந்தால் வாதம் அவ்வளவு வலுவாக இருக்காது.

போலீஸ் சலான் வந்தால்

பாம்பன் சாலைப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுத்தாலோ, ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தில் தடை செய்த தெருவில் விட்டாலோ வருவது அரசு அபராதம். மேலே சொன்ன எந்த வாதமும் இதற்குப் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்து 1,500 ரூபாய் வரை. அரசின் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, படத்தில் உள்ளது உங்கள் வண்டிதானா என்று உறுதி செய்துகொண்டு கட்டுங்கள். தவறாக வந்திருந்தால் அதே தளத்தில் குறை பதியலாம்.

வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்காதீர்கள். போனில் உள்ள வங்கிக் குறுஞ்செய்திகளைத் திருட அது போதும். உண்மையான தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். திறந்துவிட்டிருந்தால் போனின் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள்.

கட்டாத சலான் வாகனப் பதிவில் நிலுவையாக நிற்கும். வண்டியை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ அது குறுக்கே வரும். ஆகவே ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் இன்னொரு முறை வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.